ஆழ்கடலில் ஓர் அரை நாள்

கடற்கரையிலே குடியிருந்தும் கடலை அறியாதவர்கள் கொழும்புத் தமிழரிற் பலர். வெள்ளவத்தையில் வாழ்வோருக்குக் கடலென்பது புகையிரதப் பாதைக்கு அப்பால் மாலை வேளையிற் காற்று வாங்கும் இடம். கொட்டாஞ்சேனையில் வாழ்வோருக்கோ அது துறைமுகத்துக் கப்பல்களின் ஊதொலி. முகத்துவாரத்திலிருந்து தொழிலுக்குப் புறப்படுவோர் காணும் கடல் வேறு; நாம் காணும் கடல் வேறு. அந்த வேறு கடலைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்னும் எண்ணமே, சென்ற சித்திரை விடுமுறையில் நீர்கொழும்பிலே ஒரு படகை வாடகைக்கு அமர்த்தி, குடும்பத்தோடு மீன்பிடிக்கச் செல்லுமாறு எம்மைத் தூண்டியது.

மேற்குக் கரைக் கடல் ஆண்டு முழுவதும் ஒரே குணமுடையதன்று. மே முதல் செப்தெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் அது பொங்கி நிற்கும். அக்காலத்திற் கிழக்குக் கரை பெரும்பாலும் அமைதியாயிருக்கும். நவம்பர் முதல் ஏப்பிரல் வரை மேற்கிலே கடல் அடங்கும். ஆயினும் சித்திரை மாதம் இரு பருவங்களுக்கும் இடைப்பட்டது. அப்போது கடலின் முகம் எந்நேரம் மாறுமென்று உறுதி கூறல் அரிது.

விடியற்காலையிற் புறப்பட்டோம். எம்முடன் மனைவியும், பிள்ளைகள் இருவரும், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மைத்துனரும் இருந்தனர். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கியை அணிவித்த பின்னரே தண்டையல் இயந்திரத்தை முடுக்கினார். கரை மங்கியதும், போலி இரை பூட்டிய தூண்டிற் கயிறுகளைப் படகின் பின்னே நீளவிட்டு இழுத்துச் சென்றோம். அறுக்குளாவும் சூரையும் ஓடும் இரையைத் துரத்திக் கௌவும் இயல்புடையவை.

ஒரு மணி நேரத்திற்குள் அலை உயர்ந்தது. காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி அது கடந்துவரும் கடற்பரப்பின் தூரம் ஆகிய மூன்றுமே அலையின் பருமனை நிர்ணயிப்பவை. மகளுக்குத் தலை சுற்றியது. உட்செவி உடல் அசைவதை உணர்த்த, படகினுள்ளே நோக்கும் கண்கள் அசைவில்லை என்று கூற, அந்த முரண்பாட்டினால் விளைவதே கடல் மயக்கம். “பிள்ளை, கீழே பார்க்காதே; தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்” என்றார் தண்டையல். சிறிது நேரத்தில் அவள் தேறினாள்.

அவ்வேளையிலேதான் மகனின் தூண்டிலிற் பெரிய மீனொன்று பட்டது. கயிறு விறைத்து நின்றது. பையன் மகிழ்ச்சியினாற் கூவினான். தண்டையலோ மீனைப் பார்க்கவில்லை, மேற்றிசையைப் பார்த்தார். அங்கே அலைகளின் உச்சிகள் வெண்ணுரை கக்கத் தொடங்கியிருந்தன. காற்று மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றரைத் தாண்டும்போது இவ்வெண்ணுரை கடலெங்கும் அடிக்கடி தோன்றும் என்பது மாலுமிகள் கண்ட அளவு.

“ஐயா, திரும்பவேண்டும். இந்த மீனோடு போராட நேரமில்லை” என்றார்.

“அத்தான், இவ்வளவு காசு கொடுத்தும் வெறுங்கையோடு திரும்புவதா?” என்று மைத்துனர் முறுமுறுத்தார்.

“படகு அவருடையது, கடலும் அவர் அறிந்தது. அவர் சொற்படியே ஆகட்டும்” என்றோம்.

கயிறு அறுக்கப்பட்டது. பையனின் கண்கள் கலங்கின. எல்லோரையும் நடுவிலே தாழ்வாக அமரச்செய்து, பெரிய அலைகள் கடந்து சிறிது தணிவு தோன்றும்வரை காத்திருந்து, ஒரே மூச்சிற் படகைத் திருப்பினார் தண்டையல். அலைக்குப் பக்கவாட்டாகப் படகு நிற்கும் அந்தச் சில கணங்களே கவிழும் ஆபத்து மிகுந்தவை. நாம் கரையேறிய சிறிது நேரத்தில் மழை கொட்டியது.

இதனை மிகையான அச்சமென எண்ணுவோர் 2017ஆம் ஆண்டு பெப்ரவரியை நினைவுகூர்தல் நன்று. களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தைக் கடலில், தேவாலய உற்சவத்திற்குச் சென்றவர்களை ஏற்றிய மீன்பிடிப் படகொன்று கவிழ்ந்து, பத்துப் பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். மேற்குக் கடல் அடங்கியிருக்கும் மாதங்களுள் ஒன்றிலேயே அது நிகழ்ந்தது. எனவே குடும்பத்தோடு கடலேற விரும்புவோர் முதல் நாளே வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிவித்தலைக் கேட்டறிக. ஆளுக்கோர் அங்கி இல்லாத படகில் ஏறற்க. அளவுக்கு மீறி ஆளேற்றும் படகை விட்டு விலகுக. பேசிய கூலியைத் திரும்பினாலும் கொடுப்போம் என்று முன்னரே சொல்லிவிடுக. அப்போது காசுக்கு அஞ்சி எவரும் கடலில் நிற்கவேண்டியதில்லை.

நமக்கு மீன்பிடித்தல் ஒரு நாட் பொழுதுபோக்கு. தூண்டிலை அறுத்துவிட்டு வீடு திரும்பலாம். கடற்றொழிலாளருக்கோ எரிபொருட் செலவும், வாங்கிய கடனும், அடுப்பங்கரையிற் காத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. வெண்ணுரையைக் கண்டபின்னும் இன்னுஞ் சிறிது நேரம் நிற்போமா என்று எண்ணவேண்டிய நிலை அவர்களுடையது. சந்தையில் அறுக்குளாவின் விலையைக் கேட்டு முகஞ் சுளிக்கும்போது, அந்த விலையினுள் அடங்கிய துணிவையும் நாம் எண்ணிப் பார்ப்போமாக.