மெட்ரோ எட்டாத நரேலா: விலை போகாத வீடுகள்

புது தில்லி: தலைநகரில் சொந்த வீடு என்பது ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாக்கனி. ஆனால், ஹரியாணா எல்லையை ஒட்டிய நரேலாவில் அவர்களுக்கென்றே கட்டப்பட்ட ஆயிரக்கணக்கான அடுக்குமாடி வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன.

ரோஹிணி, துவாரகாவைப் போல நரேலாவையும் துணை நகரமாகத் திட்டமிட்டது தில்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ). இப்பகுதிகள் உள்பட நகரெங்கும் சுமார் 25 ஆயிரம் வீடுகளை 2014-இல் குலுக்கல் முறையில் ஒதுக்குவதாக அறிவித்தபோது லட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தனர். ஆனால், ஒதுக்கீடு பெற்றவர்களில் ஆயிரக்கணக்கானோர் வீட்டைத் திருப்பி ஒப்படைத்தனர். 2017-இல் விற்பனைக்கு வந்த சுமார் 12 ஆயிரம் வீடுகளில் பெரும்பாலானவை அவ்வாறு திரும்பியவையே. 2023-இல் குலுக்கலைக் கைவிட்டு, முதலில் வருவோருக்கே வீடு என்ற முறைக்கு ஆணையம் மாறியது.

அறைகள் சிறியவை என்பது ஒரு குறை. போக்குவரத்து வசதியின்மை அதனினும் பெரிய குறை. மத்திய தில்லியில் வேலை பார்ப்பவருக்கு நரேலா ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவு. விலையில் மிச்சமாகும் பணம் பயணத்தில் கரைந்துவிடுகிறது.

வீடு கட்டும் ஆணையம் மத்திய அரசின் கீழ் இயங்குகிறது. நகரப் பேருந்துகளோ தில்லி அரசின் பொறுப்பு. ரிதாலா-நரேலா-குண்ட்லி இடையே 26.46 கி.மீ. மெட்ரோ பாதைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததே 2024 டிசம்பரில்தான். மதிப்பீடு ரூ.6,230 கோடி; நிர்ணயித்த அவகாசம் 4 ஆண்டுகள்.

அந்த ரயில் ஓடும்வரை, நரேலாவில் குடியேறியவர்களுக்கு அன்றாடப் பயணமே இன்னொரு வீட்டு வாடகை.