கடல் கடந்து வந்த உபதேசியார்

கெகல்கமு ஓயா பாயும் பள்ளத்தாக்கில், தேயிலை மலைகளின் நடுவே அமைந்த சிற்றூர் நோட்டன் பிரிட்ஜ். 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய இலக்சபான நீர்மின் திட்டத்தின் அணையும், 1965இல் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையமும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தன. வெளியூரார் நோட்டன் பிரிட்ஜை அறிவது மின்சாரத்தினாலேயே. ஆயின், இவ்வூரைச் சூழ்ந்துள்ள மலைநாட்டுத் தோட்டங்களில் மற்றொரு வரலாறும் அடங்கிக் கிடக்கின்றது. அது பொறியியல் நூல்களில் இல்லை. குடும்பங்களின் நினைவில் இருக்கின்றது.

மலைநாட்டுத் தமிழரிடம், “உங்கள் முன்னோர் இங்கு எவ்வாறு வந்தனர்?” என்று வினவினால், கங்காணியோடு வந்தனர் என்பதே பெரும்பாலோர் விடையாகும். கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றில் மட்டும் வேறொரு விடை கிடைக்கும். “எங்கள் பூட்டனார் கொழுந்து பறிக்க வந்தவர் அல்லர், உபதேசியாராக வந்தவர்” என்பர். எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த ஆண்டில் வந்தார், எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்று மேலும் கேட்டால் மௌனமே மிஞ்சும். இந்த மௌனத்தை எவ்வாறு கலைப்பது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

மிஷனரி என்றவுடன் ஐரோப்பியர் ஒருவரின் உருவமே நம் மனத்தில் தோன்றுகின்றது. அதற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய பெயர்கள் அச்சேறியுள்ளன. சர்ச் மிஷனரி சங்கத்தின் முதல் தொண்டர்கள் நால்வர் 1818இல் இலங்கைக்கு வந்தனர். லாம்பிரிக், மேயர், வார்டு, நைட் என்னும் அவர்தம் பெயர்களை இன்றும் நூல்களிற் காணலாம். 1835இல் வந்த வில்லியம் ஓக்லி, 1886இல் மறையும் வரை ஒரு முறையேனும் தாய்நாடு திரும்பாமல் தொண்டாற்றினார். இத்தகையோரின் வழித்தோன்றல்கள் இங்கிலாந்தில் இருந்தபடியே தம் முன்னோரின் கடிதங்களைத் தேடிப் படிக்கலாம். டிக்கோயாவில் 1878இல் எழுந்த வார்லி கிறிஸ்து ஆலயம் போன்ற இடங்களில் கல்லறைக் கற்களும் அக்காலத்து ஐரோப்பியரின் பெயர்களைக் காத்து நிற்கின்றன.

ஆனால் ‘மிஷனரி’ என்பது அனுப்பப்பட்டவர் என்னும் பொருள் தரும் சொல். அப்பொருளில் நோக்கினால், திருநெல்வேலிச் சீமையிலிருந்து கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்ட தமிழ் உபதேசியாரும் அயல்நாட்டு மிஷனரியே. அவருக்கும் இது அயல்நாடுதான். மொழி ஒன்றாயினும் மலையும் குளிரும் மழையும் அட்டையும் அவருக்குப் புதியவை.

இதன் தொடக்கம் 1854ஆம் ஆண்டு. அப்போது இம்மலைகளில் தேயிலை இல்லை, கோப்பியே பயிரிடப்பட்டது. கோப்பித் தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களிடையே சமயப் பணியும் கல்விப் பணியும் ஆற்றுவதற்காகச் சர்ச் மிஷனரி சங்கம் ஒரு தனி அமைப்பை நிறுவிற்று. ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பது அதன் பெயர். அப்பெயர் இன்று நம் செவிக்கு இனியதன்று. எனினும் பழைய ஏடுகளைத் தேடுவோர் அப்பெயரையே தேட வேண்டும். தோட்டத் துரைமார் பலர் அதற்குப் பணம் உதவினர். முதல் உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்தனர். அச்சீமையில் நெடுங்காலம் பணியாற்றிப் பழகிய செப்டிமஸ் ஹாப்ஸ் என்னும் குருவானவர், தொடக்கக் காலத்தில் இப்பணியை மேற்பார்வை செய்தவர்களுள் ஒருவர்.

திருநெல்வேலியிலிருந்து அழைக்கப்பட்டமை தற்செயலன்று. பாளையங்கோட்டையில் 1785இலேயே கிளாரிந்தா அம்மையாரின் முயற்சியால் ஓர் ஆலயம் எழுந்திருந்தது. 1820இல் இரேனியஸ் அங்கு வந்த பின்னர்ச் சபைகள் பெருகின, பள்ளிகளும் பெருகின. முப்பது ஆண்டுகளுக்குள், எழுதப் படிக்கவும் பிறருக்குக் கற்பிக்கவும் வல்ல ஒரு தலைமுறை அங்கு உருவாகிவிட்டது. அத்தலைமுறையிலிருந்து வந்தவர்களே நம் உபதேசிமார்.

இப்போக்கு ஒருவழிப் பாதையாக மட்டும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் 1900ஆம் ஆண்டளவில் ஒரு மிஷன் சங்கம் அமைத்து, இராமநாதபுரத்துத் தொண்டிப் பகுதிக்குத் தொண்டர்களை அனுப்பினர். 1902இல் யாழ்ப்பாணம் வந்த திருநெல்வேலி வேதநாயகம் சாமுவேல் அசரியா இதனைக் கண்டு ஊக்கம் பெற்றார். மறு ஆண்டு, 1903இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. பிற்காலத்தில், 1912இல், அசரியா தோர்ணக்கல்லின் பேராயர் ஆனார். ஆகவே தம் குடும்பத்தில் ஒருவர் அக்கரை சென்றார் என்று கேள்விப்படுவோரும் அதனைப் புறக்கணித்தல் ஆகாது.

தோட்டத்து உபதேசியாரின் வாழ்க்கை எத்தகையது? பகலில் மக்கள் மலையில் இருப்பர். ஆதலால் மாலையில், வேலை முடிந்து அவர்கள் லயத்திற்குத் திரும்பிய பின்னரே அவர் பேச முடியும். ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்திற்கு ஒற்றையடிப் பாதையில் நடந்தே செல்ல வேண்டும். துரையின் அனுமதியின்றி லயத்திற்குள் நுழைய இயலாது. தோட்டங்களில் எழுத்தறிவித்தவருள் அவரும் ஒருவர். கடிதம் எழுதித் தருபவரும், வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுபவரும் பெரும்பாலும் அவரே. பங்களாவுக்கும் லயத்திற்கும் இடையே நின்றவர் அவர். இரு பக்கத்தாரும் அவரை முழுவதும் தம்மவராகக் கொண்டிலர்.

இத்தகைய ஒருவரின் பெயரைக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஆண்டறிக்கைகளில் ஐரோப்பியக் குருவின் பெயர் முழுமையாக இருக்கும். உபதேசிமாரோ பல இடங்களில் எண்ணிக்கையாக மட்டுமே இருப்பர். பெயர் இருந்தாலும் இடர் தீர்வதில்லை. தேவசகாயம், ஞானமுத்து, வேதமாணிக்கம் முதலிய பெயர்கள் ஊருக்கு ஊர் வழங்கின. பரம்பரைப் பெயர் வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன் நிற்கும். ஆதலின் ‘சா. தேவசகாயம்’ என்பவர் இருவராகவும் இருக்கலாம், மூவராகவும் இருக்கலாம். பெயரை மட்டும் நம்பினால் பிறர் பாட்டனாரை நம் பாட்டனாராக ஏற்றுக்கொள்ள நேரிடும். பெயர், தந்தை பெயர், ஊர், ஆண்டு ஆகிய நான்கும் பொருந்தினாலன்றி ஒருவரை இன்னார் எனத் துணிதல் கூடாது.

ஆகவே, தேடல் பழங்காலத்திலிருந்து தொடங்கக் கூடாது. இன்றிலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். முதற்படி, வீட்டில் உள்ள முதியோர். அவர்களிடம் ஆண்டுகளைக் கேட்பதால் பயன் குறைவு. “நீங்கள் சிறு பிள்ளையாய் இருந்தபோது யார் உயிரோடிருந்தார்? திருமணத்திற்கு அக்கரையிலிருந்து யார் வந்தார்? பாட்டியார் எந்த ஊரைத் ‘நம்ம ஊர்’ என்பார்?” என்று கேட்டால் விடை வரும். கேட்டதை அன்றே, சொன்னவர் பெயருடன் எழுதி வைக்க வேண்டும். ஏட்டில் இருப்பது நாளையும் இருக்கலாம். முதியோர் நினைவில் இருப்பது அவரோடு போய்விடும்.

இரண்டாம் படி, பெட்டியில் உள்ள காகிதங்கள். மலைநாட்டுக் குடும்பங்கள் காகிதங்களைக் காத்து வந்தமைக்குத் துயரமான காரணம் ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்த ஒருவர் தம் தந்தையும் இங்கே பிறந்தவர் என்றோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும் என்றது. 1949ஆம் ஆண்டின் சட்டம் நீண்ட காலம் இடைவிடாது இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. பூட்டன் பிறந்த இடத்தை அறிவது, பிற நாடுகளில் ஓய்வு நேரத்து ஆர்வமாக இருந்தபோது, இம்மலைகளில் வாழ்வுக்கே அடிப்படையாயிற்று. அந்நாளில் சான்றுக்காகத் தேடிப் பெற்ற பிறப்புப் பத்திரமும் ஞானஸ்நானச் சீட்டும் இன்று குடும்ப வரலாற்றின் மூல ஆவணங்கள் ஆகின்றன. பழையன என்று அவற்றை எறிந்துவிடுதல் பெரும் பிழை.

மூன்றாம் படி, ஆலயப் பதிவேடுகள். ஆங்கிலிக்கன் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், வசிக்கும் இடம், தந்தையின் தொழில், ஞானப்பெற்றோர், சடங்கு நடத்திய குரு என்னும் விவரங்கள் இருக்கும். ‘தொழில்’ என்னும் கட்டத்தில் ‘உபதேசி’ என்ற ஒரு சொல் இருந்தால், தேடியது கைப்பட்டது எனலாம். திருமணப் பதிவேட்டில் மணமக்கள் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் இருக்கும். ஆகவே ஒரே வரியில் முந்தைய தலைமுறையைக் காணலாம். ஞானப்பெற்றோரின் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பெரும்பாலும் உறவினராகவோ உடன் பணியாற்றியவராகவோ இருப்பர். அடக்கப் பதிவேட்டில் வயது இருக்கும். அதனைக் கொண்டு பிறந்த ஆண்டை ஒருவாறு கணக்கிடலாம். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆதலால் ஒரு பெயரைப் பல எழுத்துக்கூட்டல்களில் தேட வேண்டும்.

நான்காம் படி, அக்கரை. சொந்த ஊர் மெஞ்ஞானபுரம், டோனாவூர், பண்ணைவிளை, சாத்தான்குளம் ஆகியவற்றின் பக்கமாயின், அது சர்ச் மிஷனரி சங்கத்தின் பணிக்களம். நாசரேத்து, சாயர்புரம், இடையன்குடி, முதலூர் ஆகியவை எஸ். பி. ஜி. சங்கத்தின் பணிக்களம். இவ்வேறுபாட்டை அறிதல் இன்றியமையாதது. முன்னதன் ஆவணங்கள் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், பின்னதன் ஆவணங்கள் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்திலும் உள்ளன. திருநெல்வேலி 1896இல் தனி அத்தியட்சாதீனம் ஆயிற்று. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது. ஊர் ஆலயத்தின் பழைய ஏடுகளும், ‘நற்போதகம்’ போன்ற இதழ்களின் பழைய தொகுப்புகளும் பார்க்கத்தக்கவை.

இவ்வளவு தேடியும் சில குடும்பங்களில் தொடர் அறுந்து நிற்கும். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. குடும்பத்தின் பழைய வேதப்புத்தகமும், அதன் முன்தாளில் எழுதிய பிறப்பு இறப்புக் குறிப்புகளும் அக்கரைக்குச் சென்றிருக்கலாம். நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் குடியேறியோரிடம் ஒரு கடிதம் எழுதிக் கேட்டால், இங்கே இல்லாத ஏடு அங்கே கிடைக்கக்கூடும்.

ஈற்றில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். குடும்ப வரலாறு புகழ்மாலை அன்று. உபதேசியார் பணியிலிருந்து விலக்கப்பட்டார் என்றோ, துரைக்கு அஞ்சி மக்கள் துன்பத்தைச் சொல்லாது விடுத்தார் என்றோ ஓர் ஏடு கூறினால், அதனையும் எழுதத்தான் வேண்டும். அவருடன் வந்த மனைவியை மறத்தலும் ஆகாது. பதிவேட்டில் தாய் என்னும் கட்டத்தில் ஒரு பெயராக மட்டும் நிற்கும் அவரும் கடல் கடந்தவரே. குளிர்மலையில் பிள்ளை பெற்று, சிலரை மண்ணுக்குக் கொடுத்து, மற்றவரை வளர்த்தவர்.

நோட்டன் பிரிட்ஜின் மலைச்சரிவுகளில் ஐரோப்பியக் கல்லறை ஒன்றைக் கண்டால் நின்று பெயரைப் படிக்கிறோம். அது தகும். ஆயின் கல் நாட்டப்படாத அடக்க நிலங்களும் அம்மலைகளில் உண்டு. அங்கே உறங்கும் உபதேசியாருக்குக் கல் எழுப்பப் பொருள் இல்லாதிருக்கலாம். அவர் பெயர், அவர் தந்தை பெயர், ஊர், வந்த ஆண்டு ஆகிய நான்கையும் ஒரு தாளில் பிழையின்றி எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுக்க எந்தக் குடும்பத்தாலும் இயலும். அதற்கு வேண்டுவது, பாட்டியார் உயிரோடிருக்கும்போதே அருகில் அமர்ந்து கேட்கும் ஒரு மாலைப் பொழுது.