குழந்தை எத்தனை கிலோ?



குளுவாங்கில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்த சேதி வந்தால், ஆணா பெண்ணா என்பதற்கு அடுத்த கேள்வி, "எத்தனை கிலோ?" என்பதுதான். மூன்றரை என்றால் முகங்கள் மலர்கின்றன. இரண்டரை என்றால், "பிள்ளைத்தாய்ச்சி சரியாகச் சாப்பிடவில்லையோ?" என்ற பேச்சு எழுகிறது. எடை மட்டுமே எல்லாவற்றையும் சொல்லிவிடுமா?

வளர்ச்சி ஹார்மோன் என்றதும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிதான் நினைவுக்கு வரும். பிறந்த பிறகு நம் உயரம் அதன் கையில். கருவறையிலோ அதன் பங்கு குறைவு. அங்கே வளர்ச்சியை நடத்துபவை இன்சுலினும், இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணிகளும்தான்.

தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குப் போகிறது. தாயின் இன்சுலின் போவதில்லை. தாய்க்கு இனிப்புநீர் கட்டுக்கடங்காமல் இருந்தால், மிகுதியாக வரும் சர்க்கரையைச் சமாளிக்கச் சிசுவின் கணையமே அதிக இன்சுலினைச் சுரக்கிறது. கொழுப்பு சேர்ந்து குழந்தை பெருக்கிறது. பிறந்ததும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும். இன்சுலின் மட்டும் உடனே குறையாது. அதனால்தான் அந்தக் கொழுகொழு குழந்தைக்குச் சர்க்கரை திடீரென இறங்கும் ஆபத்து உண்டு.

சரி, சிறிய குழந்தைக்கு இந்தக் கவலை இல்லையா? இந்தியாவின் புனே நகரில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் செய்த ஆய்வுகள் இங்கேதான் நம்மை யோசிக்க வைக்கின்றன. புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ; இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. தசை வெகுவாகக் குறைந்திருந்தும், முதுகுத் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. புனே நகரக் குழந்தைகளை லண்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2002-இல் வெளிவந்த ஆய்வில், எடை வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், தொப்புள்கொடி இரத்தத்தில் இன்சுலினும், கொழுப்பு சுரக்கும் லெப்டினும் அதிகமாக இருந்தன. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு!

இது நம் வீட்டு விஷயம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முன்னணியில். இதற்கு உணவு, உழைப்பு, பரம்பரை எனப் பல காரணங்கள் உண்டு. கருவறையும் அதில் ஒன்று என்பதே மருத்துவர்களின் எண்ணம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? கர்ப்பிணிகளுக்குக் குளுக்கோஸ் நீர் கொடுத்துச் செய்யும் சோதனையைத் தட்டிக் கழிக்காதீர்கள். பொதுவாக அது 24 முதல் 28-ஆவது வாரத்துக்குள் நடக்கும். குடும்பத்தில் இனிப்புநீர் இருந்தால் முன்கூட்டியே செய்வார்கள். "இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்று சோற்றையும் கெட்டிப்பால் காப்பியையும் கூட்டாமல், பருப்பு, மீன், முட்டை, கீரையைக் கூட்டுங்கள். குழந்தை சிறிதாகப் பிறந்தால் தாய்ப்பால் கொடுங்கள். தாதி குறிக்கும் வளர்ச்சிக் கோட்டைப் பின்பற்றுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து அவசரமாகக் கொழுக்க வைக்க வேண்டாம்.

எத்தனை கிலோ என்று தாராளமாகக் கேளுங்கள். கூடவே, அந்தத் தாயின் சர்க்கரை அளவு எப்படி இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.