உஷார்! மூச்சைக் கவனிப்பது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது

தூக்கம் வரவில்லை, படபடப்பாக இருக்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "கண்ணை மூடி மூச்சைக் கவனிங்க, எல்லாம் சரியாயிடும்" என்று உடனே பதில் வரும். ஆபீஸில் அதற்கு வகுப்பு, போனில் அதற்கு ஆப். சிலருக்கு இதனாலேயே படபடப்பு ஏறும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. சிலருக்கு இருந்த தூக்கமும் போகும். கையும் காலும் தன்னுடையவை அல்ல என்பது போன்ற உணர்வு வந்து, நாள்கணக்கில் விலகாமல் நிற்பதும் உண்டு.

இது வெறும் பூச்சாண்டி அல்ல. ஆய்வாளர் மிகெல் ஃபரியாஸ் குழுவினர் 2020-ல் தியானம் பற்றிய 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சுமார் 8 சதவீதம் பேருக்குப் பாதகமான விளைவுகள் இருந்தன. அவற்றில் பதற்றமும் மனச்சோர்வும்தான் அதிகம். அதற்கு முன் எந்த மனநலப் பிரச்சினையும் இல்லாதவர்களுக்கும் இப்படி நேரலாம் என்கிறது அந்தத் தொகுப்பு. தலைவலி மாத்திரை அட்டையோடுகூடப் பக்கவிளைவுச் சீட்டு வருகிறது. தியானத்துக்கு அப்படி எதுவும் கிடையாது.

அமெரிக்காவில் 1979-ல் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய தியானப் பயிற்சி 8 வாரம் நீளும். பயிற்றுநர் கூடவே இருப்பார். அதிலிருந்து கிளைத்த இன்னொரு சிகிச்சை முறை, மனச்சோர்விலிருந்து மீண்டவருக்கு அது திரும்ப வராமல் தடுப்பதற்கென்றே உருவானது. நாமோ நோய் உச்சத்தில் இருப்பவரிடம் ஒரு ஆப்பைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

யார் உஷாராக இருக்க வேண்டும்? பைபோலார், மனச்சிதைவு போன்ற நோய் இருந்தவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், விபத்தையோ வன்முறையையோ அனுபவித்து அந்தக் காட்சி இன்னும் கண்முன் வந்து போகிறவர்கள். இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பல நாள் மௌன முகாம்களில் சேரவே கூடாது. முகாம் விண்ணப்பத்தில் உடல்நலம், மருந்து பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். எனக்கு மிகவும் பயம் தருவது, தியானம் தொடங்கிவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான். அடுத்த பயம், நடுங்கிப்போய் நிற்பவரிடம் "அழுக்கு வெளியேறுது, விடாம உட்காருங்க" என்கிற குருமார்கள். அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மரியாதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பேனிக் அட்டாக் வந்தவருக்கும் ஆஸ்துமா உள்ளவருக்கும் மூச்சைக் கவனிப்பதே மூச்சு முட்டுவது போன்ற பயத்தைக் கிளப்பலாம். அவர்கள் கவனத்தை வேறு பக்கம் திருப்பலாம். தரையில் படும் உள்ளங்கால், தெருவில் கேட்கும் சத்தம், பாத்திரம் துலக்கும்போது கையில் ஓடும் தண்ணீர் என எதுவும் போதும். கண்களைத் திறந்தே வையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். அன்றாட வாழ்க்கைக்கு இவ்வளவே தாராளம் என்பது என் கட்சி. அதிகாலையில் எழுந்து மணிக்கணக்கில் சம்மணமிட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் வேண்டாம்: வண்டி ஓட்டும்போது தியான ஆடியோ.

தொடர்ந்து தூக்கம் கெடுகிறதா? உடம்பு மரத்தது போலவோ உலகமே கனவு போலவோ தோன்றுகிறதா? காதில் குரல் கேட்கிறதா? அன்றே பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். எத்தனை நாளாக, தினமும் எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள், என்ன மாத்திரை சாப்பிட்டு வந்தீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.