பாடல் வரிகளைத் தவறாகக் கேட்டல்

பாடல் ஒன்றின் சொற்களை வேறு சொற்களாகக் கேட்டு, கேட்டபடியே பொருள் கொள்வது உலகெங்கும் காணப்படும் பழக்கம். ஆங்கிலத்தில் இதற்கு 'மாண்டெகிரீன்' என்று பெயர். அமெரிக்க எழுத்தாளர் சில்வியா ரைட் 1954-இல் ஹார்ப்பர்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில் இச்சொல்லை உருவாக்கினார். அவர் சிறுமியாக இருந்தபோது தாயார் படித்துக்காட்டிய ஸ்காட்லாந்துக் கதைப்பாடலில், கொல்லப்பட்ட பிரபுவைப் புல்வெளியில் கிடத்தியதாக ஒரு வரி வரும். அதை அவர், பிரபுவோடு 'மாண்டெகிரீன் சீமாட்டி' என்ற பெண்ணும் இறந்ததாகக் கேட்டுவிட்டார். இல்லாத அந்தச் சீமாட்டியின் பெயரே இவ்வகைப் பிழைக்கு நிலைத்தது. ஜப்பானியர் இதைச் 'சோராமிமி' என்பர்.

பேச்சு இடைவெளியின்றி ஓடும் ஒலி. எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதைக் காது மட்டும் சொல்லிவிடாது. தெரிந்த சொற்களையும் சூழலையும் வைத்து மனமே பிரித்துக்கொள்கிறது. ஒலி தெளிவில்லாத இடத்தில், மனம் தனக்குப் பழக்கமான சொல்லை இட்டு நிரப்பும். ஆகவே பிழையாகக் கேட்டவருக்குத் தாம் பிழையாகக் கேட்டது தெரிவதில்லை. பல ஆண்டுகள் பாடிய பிறகு, யாரோ சிரிக்கும்போதுதான் தெரியவரும்.

தமிழில் இதற்கு வாய்ப்பு அதிகம். புணர்ச்சியில் சொற்கள் ஒட்டிக்கொள்வது முதற்காரணம். 'வேங்கை' என்றால் மரம். 'வேம் கை' என்று பிரித்தால் வேகின்ற கை. 'பலகை' பிரிந்தால் பல கைகள். நன்னூல் சொல்லும் பொதுமொழி இதுதான். இரண்டாவது, ஒலிகளின் நெருக்கம். மனம், மணம் இரண்டையும் இன்றைய பேச்சில் பலர் ஒன்றாகவே ஒலிக்கின்றனர். வலி, வழி, வளி ஆகியவற்றுக்கும் அதே நிலை. வடசென்னைப் பேச்சில் ழகரம் யகரமாகிப் பழம் 'பயம்' ஆகும். அங்கே வளரும் குழந்தைக்குப் பாடலில் வரும் பயம் எந்தப் பயம் என்று குழம்புவதில் வியப்பில்லை.

இந்தச் சிக்கலைத் தொல்காப்பியமே பேசுகிறது. எழுத்து ஒன்றாகவே இருந்து, பிரிக்கும் விதத்தால் பொருள் வேறுபடும் தொடர்கள் உண்டு; அவற்றை ஒலிக்கும் முறையால் வேறுபடுத்த வேண்டும், எழுத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாது என்கிறது எழுத்ததிகாரம். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள் சுவையானவை. 'குன்றேறாமா' என்பது குன்று ஏறு ஆமா எனப் பிரிந்தால் குன்றில் ஏறும் காட்டுப்பசு. குன்று ஏறா மா என்றால் குன்றில் ஏறாத விலங்கு. 'செம்பொன்பதின்றொடி' என்பது செம்பு ஒன்பதின் தொடி, அல்லது செம்பொன் பதின் தொடி. தொடி என்பது ஒரு நிறையளவு. செம்பு விற்பவர் சொன்னதைப் பொன் என்று கேட்டவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

பேச்சில் எங்கே அழுத்துவது, எங்கே நிறுத்துவது என்பதைப் பேசுபவர் முடிவு செய்கிறார். பாடலில் அதை மெட்டு முடிவு செய்கிறது. சொல்லின் நடுவில் மூச்சு விடப்படும். குறில் நெடிலாக நீளும். மேளமும் கிதாரும் மெய்யெழுத்துகளை மூடும். தொல்காப்பியம் நம்பியிருந்த ஒலிக்குறிப்பு அங்கே இல்லாமற்போகிறது. இதே இரட்டைத்தன்மையைப் புலவர்கள் வேண்டுமென்றே பயன்படுத்தியதுதான் பிரிமொழிச் சிலேடை.

இலங்கை வானொலி இரைச்சலோடு கேட்ட காலத்தில், திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம்தான் இந்தக் குழப்பங்களுக்குத் தீர்ப்பு. அதிலும் அச்சுப்பிழைகள் இருந்தன என்பது வேறு.

மொழி தெரியாதவர் கேட்கும்போது நிலைமை இன்னும் வேடிக்கை. 'பெண்ணின் மனதைத் தொட்டு' (2000) படத்தில் பிரபுதேவா ஆடிய 'கல்லூரி வானில்' பாடலுக்கு, 2007-இல் 'பஃபலாக்ஸ்' என்ற பெயரில் இயங்கிய அமெரிக்கர் ஒருவர், தம் காதில் ஆங்கிலமாக விழுந்ததையே துணையெழுத்தாக இட்டு யூடியூபில் வெளியிட்டார். 'பென்னி லாவா' என்று பரவிய அந்தக் காணொளியைத் தமிழே அறியாத பெருங்கூட்டம் பார்த்துச் சிரித்தது. துணையெழுத்தைப் படித்துக்கொண்டே கேட்டால் தமிழருக்கும் ஆங்கிலம் கேட்கத் தொடங்கும்; கண் சொல்வதைக் காது ஏற்றுக்கொள்கிறது.

ஒலியைச் சரியாகக் கேட்டும் பொருளைத் தவறாகக் கொள்வது இதற்கு நெருங்கிய உறவு. இதற்கு எண்ணூரில் தக்க சான்று உண்டு. 2017 சனவரியில் வெளியான 'சென்னை பொறம்போக்கு பாடல்' எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் படமாக்கப்பட்டது. கபேர் வாசுகி எழுத, ஆர். கே. ஸ்ரீராம்குமார் இசையமைக்க, டி. எம். கிருஷ்ணா பாடினார். கருநாடக இசை ராகங்களில் சென்னைப் பேச்சுத்தமிழ் ஒலித்ததே பலருக்குப் புதிது. தலைப்பைக் கேட்டவுடன் வசைச்சொல் என்றே காதில் விழும். அந்தக் கேட்பைத் திருத்துவதுதான் பாடலின் வேலை.

புறம்போக்கு என்பது வருவாய்த்துறைச் சொல். தீர்வை விதிக்கப்படாத, தனியாருக்கு உரியதல்லாத பொதுப் பயன்பாட்டு நிலம் அது: ஏரி, ஆறு, மேய்ச்சல் நிலம், வண்டிப்பாதை, சுடுகாடு. பட்டா கிடையாது, வரி வராது. நாளடைவில் 'ஒன்றுக்கும் உதவாத ஆள்' என்று திட்டும் சொல்லாயிற்று. சொல் இழிந்தபோது நிலமும் உதவாததாகத் தோன்றியது. திட்டும் சொல்லாகவே கேட்டுப் பழகிய காது, ஏரிக்கரையில் அதே சொல்லைப் படித்தாலும் வெற்றிடம் என்றே புரிந்துகொள்கிறது.

எண்ணூரில் அந்த 'வெற்றிடம்' என்பது கொசஸ்தலையாறு கடலில் சேரும் கழிமுகம், உப்பங்கழி, அலையாத்திக் காடு. காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்களும், நீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர்களும் அதை நம்பி வாழ்பவர்கள். மழைக்காலத்தில் வெள்ளம் கடலுக்கு வடியும் வழியும் அதுவே. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்களிலிருந்து கசிந்து அங்கே படிந்தது. கரையை நிரவித் தொழில் வளாகங்கள் எழுந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்ப் படலம் கழிமுகத்தில் பரவிப் படகுகளிலும் வலைகளிலும் ஒட்டியது.

வருவாய்ப் பதிவேடுகளில் நீர்நிலைப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு என்ற வகைப்பாடுகள் இன்றும் உள்ளன. அங்கே அச்சொல்லுக்கு இழிபொருள் எதுவும் இல்லை.