இணையத்தின் வாசல் – 9: சந்தாதாரரை எப்படி அடையாளம் காண்பது?

நெதர்லாந்திலிருந்து ஜெர்மனியின் எசன் நகரத்துக்கு வரும் மாணவி, டூயிஸ்பர்க்-எசன் பல்கலைக்கழக வளாகத்தில் மடிக்கணினியைத் திறந்தால் இணையம் தானாகவே வந்துவிடும். அங்கே அவளுக்குக் கணக்கு கிடையாது. அவள் பயனர்பெயரில் '@' குறிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் எசன் சர்வர் பார்க்கிறது. ஜெர்மனியின் ஆய்வு வலையமைப்பான டிஎஃப்என் வழியாக அவளுடைய சொந்தப் பல்கலைக்கழகத்தைக் கேட்கிறது. அங்கிருந்து அனுமதி வந்ததும் இணைப்பைத் திறந்துவிடுகிறது. முறையாக அமைத்திருந்தால், இடையில் நிற்கும் எவருக்கும் கடவுச்சொல் தெரியாது. எடுரோம் என்னும் இந்த ஏற்பாட்டை 2002இல் முன்மொழிந்தவர் டச்சு ஆய்வு வலையமைப்பில் இருந்த கிளாஸ் வீரெங்கா.

இதைத் தாங்கி நிற்பது ரேடியஸ் என்ற பழைய நெறிமுறை. மோடத்தில் டயல் செய்து வருபவர்களைச் சரிபார்ப்பதற்காக 1991இல் அமெரிக்காவின் லிவிங்ஸ்டன் நிறுவனம் உருவாக்கியது. வந்திருப்பவர் யார், அவருக்கு என்ன வேகம், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதெல்லாம் இன்றும் இதன் வழியாகத்தான் போகிறது. சில நூறு சந்தாதாரர்களோடு இணைய நிறுவனம் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பில்லிங் மென்பொருளோடு ஒட்டிப் பூட்டி வரும் சர்வரை வாங்காதீர்கள். 1999இல் தொடங்கிய ஃப்ரீரேடியஸ் என்ற ரேடியஸ் சர்வர் இலவசம். அதைச் சாதாரணத் தரவுத்தளம் ஒன்றோடு இணைத்துக்கொண்டால் சந்தாதாரர் பட்டியல் உங்கள் கையிலேயே இருக்கும். பில்லிங் கம்பெனியை நாளை மாற்றினாலும் ஒருவருக்கும் இணைப்பு அறாது.

பழையது என்பதால் கவனமும் வேண்டும். ரேடியஸ் பதில்களுக்குக் காவலாக இருந்த எம்டி5 முறையை ஏமாற்றி, மறுப்பை அனுமதியாக மாற்ற முடியும் என்று 2024 ஜூலையில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எடுரோம் பயன்படுத்தும் முறை தப்பியது. சிறு நிறுவனங்களில் சாதாரணமாகக் காணப்படும் பெயர்-கடவுச்சொல் முறை சிக்கியது. சர்வர், ரவுட்டர் இரண்டையும் புதுப்பிக்க வேண்டும். ரேடியஸ் போக்குவரத்தைத் திறந்த இணையத்தில் விடவே கூடாது.

வீட்டுக்கு வீடு தனிக் கம்பி போகும் இடத்தில் கடவுச்சொல் எதற்கு? 2016 ஆகஸ்ட் 1 முதல் ஜெர்மனியில் வாடிக்கையாளர் தனக்குப் பிடித்த ரவுட்டரை மாட்டலாம். அதற்கான லாகின் விவரங்களை அவர் கேட்காமலே நிறுவனம் கொடுத்துவிட வேண்டும். நல்ல சட்டம். ஆனால் நீளமான எண்ணைத் தப்பாக அடித்துவிட்டுத் தவிப்பவரின் தொலைபேசி அழைப்பு உங்களுக்குத்தான் வரும். டாய்ச்ச டெலிகாம் பல இணைப்புகளில் கம்பியையே அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. சொந்த ஃபைபர் வைத்திருக்கும் சிறு நிறுவனமும் இதைச் செய்யலாம்: ரவுட்டர் முகவரி கேட்கும்போது, அது எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்பதை சுவிட்சே சேர்த்து எழுதிவிடும். கம்பியில்லா இணைப்பு, மாணவர் விடுதி போன்ற பலர் பகிரும் இடங்களில் மட்டும் ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் வையுங்கள். அடுத்தவர் கம்பியை வாடகைக்கு எடுத்தால் அவர்கள் முறைதான் செல்லும். ஒப்பந்தத்துக்கு முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.

எதுவுமே கேட்காத வலையும் எசனில் உண்டு: ஃப்ரைஃபுங்க் தன்னார்வலர்களின் திறந்த வைஃபை. பூட்டாத வைஃபையில் பிறர் செய்யும் மீறலுக்கு அதன் உரிமையாளரும் பொறுப்பு என்று 2010இல் ஜெர்மன் மத்திய நீதிமன்றம் சொன்னபோது, அவர்கள் போக்குவரத்தை விபிஎன் வழியே அனுப்பித் தாக்குப்பிடித்தார்கள். 2017இல் சட்டமே மாறியது.

இனி, பலரும் கடைசியில் யோசிக்கும் விஷயம். யாருக்கு எந்த ஐபி முகவரி எப்போது போனது என்று ரேடியஸ் எழுதிக்கொண்டே இருக்கும். கோளாறுகளைக் கண்டறிய ஏழு நாள் வைத்திருப்பதை ஜெர்மன் மத்திய நீதிமன்றம் 2014இல் ஏற்றது. இந்தியாவிலோ 2021 டிசம்பரிலிருந்து குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைக்க வேண்டும். மதுரையில் பழகிய அமைப்பை அப்படியே எசனுக்குக் கொண்டுவந்தால், சந்தாதாரர் வீடுகளின் அந்தரங்கம் காரணமில்லாமல் உங்கள் டிஸ்கில் குவியும். மாதச் சந்தா நிலையான தொகை என்றால் பில் போட இந்தப் பதிவு தேவையே இல்லை. பில்லிங் அட்டவணையைத் தனியாகப் பிரித்து, பழைய பதிவுகளை அழிக்கும் கட்டளையை முதல் சந்தாதாரர் சேர்வதற்கு முன்பே எழுதி ஓடவிடுங்கள்.