நான்கு செயல்களும் ஒரு சட்டகமும்

சிவகாசிப் பட்டாசுக் கிடங்கொன்றின் இருப்பேட்டைக் கணினியில் அமைப்பதாகக் கொள்வோம். பதிதல், படித்தல், திருத்துதல், நீக்குதல் என்னும் நான்கு செயல்களே அதற்கு அடிப்படை. சரக்கு, விற்பனை என ஒவ்வோர் ஏட்டிற்கும் இந்நான்கின் நிரலையும் திரும்பத் திரும்ப எழுதுதல் வீண் உழைப்பாகும்.

மும்பையில் உருவான ‘ஃபிராப்பே’ என்னும் மென்பொருள் சட்டகம் இச்சுமையைக் குறைக்கிறது. ஏட்டின் புலங்களை வரையறுத்தால் போதும். தரவு அட்டவணையும், படிவமும், பிற மென்பொருள்கள் அணுகுதற்குரிய ஏபிஐ என்னும் இணைய வாயிலும் தாமே அமைந்துவிடும். நாட்காட்டியை முன்னரே அச்சிட்டு, கடையின் பெயரை மட்டும் பின்னர்ச் சேர்க்கும் நம் அச்சகத்தார் முறையை இஃது ஒக்கும்.

ஆயினும், 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி, உரிமத்தில் குறித்த அளவுக்கு மேல் சரக்கு இருத்தலாகாது. இவ்வரம்பைச் சட்டகம் தானே அறியாது. வரம்பு மீறும் பதிவை மறுக்கும் நிரலையும், நீக்கும் உரிமை எவர்க்கு என்பதையும் நாமே வகுத்தல் வேண்டும். மிஞ்சும் உழைப்பை மாணவர் இதற்கே செலவிடுக. ஏட்டின் உண்மையும் தொழிலாளர்தம் உயிர்க்காவல்களுள் ஒன்றன்றோ!